கண்ணிலிருந்து தேயும் காசுகள்

மரம் அப்படியே இருந்தது. தாளிப்பனையின் ஓலைகள் விரல்விரலாக விரிந்து, நேற்று அச்சிலிருந்து விழுந்ததுபோல. பக்கத்தில் தமிழில் ‘சதம்’ என்ற எழுத்தின் சுழிகூடச் சிதையவில்லை. காசைத் திருப்பினேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் மங்கிப்போயிற்று என்று அர்த்தமல்ல. விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கிரீடம் வைத்த ஒரு தலை இருக்கவேண்டிய இடத்தில், அலை வாங்கிப்போன பிறகு ஈரமணல் கிடக்குமே, அப்படி ஒரு வழவழப்பு. அடுத்ததை எடுத்தேன். மரம் இருந்தது, தலை இல்லை. அதற்கடுத்ததிலும் அப்படியே. யன்னலுக்கு வெளியே உச்சிவெயில் வேலியைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு குளிர்ந்தது.

பழங்காசு பார்க்கிறவனின் கண்ணுக்கு முதலில் பழகுவது தேய்மானம். கை மாறி, மடி மாறி, கடை மேசை லாச்சிக்குள் கிடந்து குலுங்கி, காசு இரண்டு பக்கமும் தேயும். உயர்ந்த இடங்கள் முதலில் போகும். முகத்தில் கன்னமேடும் காதுக்கு மேலேயுள்ள முடியும். மரத்தில் தண்டின் நடு. எது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துத்தான் தரம் சொல்கிறோம். கை படாத காசு, சற்றே பட்ட காசு, நன்றாகப் புழங்கிய காசு, கடைசியில் செத்த காசு. நான் பார்த்தவரையில் தேய்மானத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது. ஒரு பக்கம் கை படாதது, மறுபக்கம் செத்தது என்றால், அது ஒருவனுக்கு முகத்தில் மட்டும் வயது போன மாதிரி. அப்படி ஒருவனைத் தெருவில் கண்டால் யாரும் ஸலாம் சொல்ல நிற்கமாட்டார்கள்.

என் முன்னால் மேசையில் திறந்திருந்த பிஸ்கட் பேணித் தகரத்துக்குள் முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான் கிடந்தார்கள்.

சேர்த்தவர் என் மனைவியின் வாப்பா. மருதமுனைத் தறிகளில் நெய்த சாறன்களைப் பொதியாகக் கட்டிக்கொண்டு, பொத்துவில் முதல் வரிப்பத்தான்சேனை வரை பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்து விற்றவர். வயல் வெட்டி முடிந்த வீடுகளில், பெட்டகத்தின் அடியில் கிடந்த செல்லாக் காசைக் கொண்டுவந்து, “இது உங்களுக்கு எடுபடுமா?” என்று கேட்பார்கள். மாமாவுக்கு எல்லாமே எடுபடும். பேச்சுக் குறைந்த மனிதர். பேணியை அவர் எனக்குக் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் மௌத்தான பிறகு, கணவனை இழந்த மாமி வெளியே போகாமல் இத்தாவில் இருந்த மாதங்களில்தான் அது மேசைக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்பையும் தன் பெயரையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறவன். நானும் அப்படிப் போனவன்தான். முன்னறையின் மேசை எனக்கு, உள்ளறை மாமிக்கு. இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆண்களுக்கு முன் வரக்கூடாது என்றாலும் மருமகனுக்குத் தடையில்லை. ஆனால் நான் அந்தத் திரைச்சேலையைத் தாண்டிப் போவது குறைவு. வெள்ளை உடுத்த ஓர் உருவம் உள்ளே அசைவது தெரியும். தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் கேட்கும். அவ்வளவே.

“வாப்பாட காசெல்லாத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களன்,” என்றாள் மனைவி. “எது நல்லது, எது கூடாதது எண்டு. தங்கச்சிக்கும் எனக்கும் பிரிக்கணும். ஊரில ஆக்கள்ற காசயெல்லாம் போன்ல பாத்து மார்க் போடுறீங்க. வீட்டுக் காசுக்குத்தான் நேரமில்ல.”

அவள் சொன்னது உண்மைதான். வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் படம் அனுப்புவார்கள்; நான் தரம் சொல்வேன். பெரிய அறிவு ஒன்றுமில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்க்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

பேணியைப் பார்த்து முடித்துவிட்டு அவளிடம் சொன்னேன். “புள்ள, இதில ஒண்டுக்கும் தலையில்ல.”

“என்ன?”

“ராசாவுமில்ல, ராணியுமில்ல. ஆரோ தேச்சிரிக்காங்க.”

அவள் ஒன்றை வாங்கிப் பார்த்தாள். “பழசெண்டாத் தேயாதா? உங்கட தலையும்தான் முன்பக்கம் தேயுது,” என்று சிரித்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதே வாரத்தில் அலுமாரிக்கு மேலே, மாமாவின் கடைசிச் சாறன் பொதிக்குப் பின்னாலிருந்து, இன்னொரு பேணி வந்தது. பால்மாப் பேணி. வாயைப் பொலித்தீனால் கட்டியிருந்தார். அவிழ்த்துக் கொட்டியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாவற்றிலும் முகம் இருந்தது. தாடிக்கார அரசர், வழுக்கைத்தலை அரசர், முக்காடிட்ட கிழட்டு ராணி, அவளே இளம்பெண்ணாக. சதுரமாய், மூலை மழுங்கிய பித்தளை அஞ்சு சதங்கள். கடற்காற்று ஒன்றிரண்டில் பச்சைக் களிம்பு வைத்திருந்தது, மற்றபடி சுத்தம். உள்ளங்கைக் குழியை நிறைக்கிற ஒரு செம்பு அஞ்சு சதத்தில் ராணியின் கண்ணிமைகூடத் தெரிந்தது. இந்தக் கரையோர உப்புக்கு நடுவே அப்படி ஒரு காசு தப்பிக் கிடப்பது அதிசயம். ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துப் படம் எடுத்தேன். தரம் பிரித்துச் சிறிய பொலித்தீன் பைகளில் போட்டு, மேசையில் வைத்தேன்.

பிறகுதான் அது தொடங்கியது.

வேலையால் வந்து ஒரு பின்னேரம் பைகளைப் புரட்டினேன். ஒரு பித்தளை அஞ்சு சதத்தில் அரசரின் முகம் ஏதோ போல் இருந்தது. மூக்கு இருந்தது, உதடு இருந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு பளபளப்பு. நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று போனில் முதல் நாள் எடுத்த படத்தைத் திறந்தேன். படத்தில் கண் இருந்தது.

அடுத்த நாட்களில் இன்னும் சிலவற்றுக்குக் கண் போயிற்று. கண்ணுக்குப் பிறகு மூக்கின் நுனி. பிறகு உதடு. காது மட்டும் நெடுநாள் நின்றது, எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல. மேசையில் வைத்த பைகள் வைத்த ஒழுங்கிலேயே இருந்தன. ஒன்றும் களவு போகவில்லை. ஒன்று விடாமல் எல்லாம் இருந்தன. பார்வை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

உலோகம் எப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும். அது தானாகத் தேயாது என்றும் தெரியும். தெரிந்தும், நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து தெரு ஆளரவமற்றுப்போகிற நேரத்தில், பக்கத்து வளவுத் தறியும் ஓய்ந்த பிறகு, அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது நான் வேறு என்னென்னவோ நினைத்தேன். சர்... சர்... சர்... கூரை ஓட்டில் மணல் உரசுவதா? அலை தன் பல்லைத் துலக்குகிறதா? நான் கதிரையை நகர்த்தினால் சத்தம் நிற்கும். அசையாமல் இருந்தால் மறுபடி வரும். நான் மூச்சுவிடுவதையும் கேட்டு, அதற்கேற்ப நிறுத்தித் தொடங்குகிற ஒன்று.

மனைவியிடம் சொன்னேன். “நீங்க கவிதை எழுதுறத்த விடுங்க, எல்லாம் நிண்டிரும்,” என்றாள்.

விடை தேடி நான் எங்கேயும் போகவில்லை. அதுவே என்னைக் கூப்பிட்டது.

“மகன்.” உள்ளறையிலிருந்து மாமியின் குரல். “இஞ்ச ஒருக்கா வாங்க. அந்தக் காசு பாக்கிற கண்ணாடியையும் கொண்டாங்க.”

மாமி யன்னலடியில் பாயில் இருந்தார். வெள்ளைச் சேலையின் மடியில் சாறன் துணியில் கிழித்த ஒரு துண்டு. பக்கத்தில் சிரட்டையில் கடல்மணல், மாவைப்போலச் சலித்தது. வலது பெருவிரலின் தோல் மினுங்கியது. ரேகையே இல்லாத விரல். கையை விரித்தார். உள்ளங்கையில் என் பித்தளை அஞ்சு சதம், வியர்வையோடு.

“இதில கண் இன்னும் இரிக்கா பாருங்க. எனக்குத் தெரியுதில்ல. புகையாத்தான் கிடக்கு எல்லாம்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். பழங்காசைத் தேய்ப்பது, எங்களுக்குள், பிள்ளையை அடிப்பது மாதிரி. “மாமி, இதெல்லாம் நீங்களா? ஏன் தேய்க்கிறீங்க? மாமா ஆசையாச் சேர்த்த காசு.”

“ஆசையாத்தான் சேர்த்தார்.”

“அப்ப?”

“உருவமல்லவா மகன். கண்ணிரிக்கிற வரைக்கும் அது உருவம்தான்.”

நான் எனக்குத் தெரிந்த மார்க்கத்தைச் சொன்னேன். காசில் தலை இருக்கத்தான் செய்யும். சட்டைப்பைக்குள் ஆயிரம் ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பள்ளிக்குப் போகிறோம். மார்க்கம் படித்த ஹஸ்ரத்மாரே பரவாயில்லை என்கிறார்கள்.

மாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அது செலவழிக்கிற காசுக்கு,” என்றார். “செலவழிக்கிற காசு தேவைக்கு வெச்சிரிக்கிற. அதுக்குக் குத்தமில்ல. இது செலவழிக்கிற காசா? ஒரு தோடம்பழம் வாங்கேலுமா இதுக்கு? பாக்கிறதுக்கெண்டே வெச்சிரிந்தார். பாக்கிறதுக்கெண்டு முகத்த வீட்டுக்குள்ள வெச்சா அது வேற.”

நான் எத்தனையோ பேருக்குத் தரம் சொன்னவன். புழங்கிய காசு, புழங்காத காசு என்று பிரித்தவன். அந்தப் பிரிவு மறுமை வரைக்கும் போகும் என்று நினைத்ததில்லை.

கலியாணம் முடித்த காலத்திலிருந்தே மாமா காசு கொண்டுவருவாராம். யன்னல் படியில் வைப்பாராம். மாமி எடுத்துத் தேய்ப்பாராம். முகம் போன பிறகு அதே படியில் திருப்பி வைத்துவிடுவாராம். மாமா அதை எடுத்து பிஸ்கட் பேணியில் போடுவார்.

“அவர் ஒண்டும் கேக்கல்ல. நானும் ஒண்டும் சொல்லல்ல.”

“சண்டை பிடிக்கவுமில்லையா?”

“என்னத்துக்கு? அவர்ட வேல கொண்டாற. என்ட வேல தேய்க்கிற.” லேசாகச் சிரித்தார். அடுத்த கணமே அந்தச் சிரிப்பு எங்கோ போயிற்று. “மத்தப் பேணிய மட்டும் எனக்கு மறைச்சிப் போட்டார். ஒளிச்சி வெச்சிட்டு மௌத்தாப் போனார். இப்ப அங்க அவரிட்டக் கேப்பாங்கல்லா? வெச்சிரிந்தியே, இதுக்கெல்லாம் உசிர ஊது எண்டு. எப்படி மகன் ஊதுவார்? அவருக்கு மூச்சு இழுப்பு. ஒரு பலூன் ஊதமாட்டார் மனிசன்.”

உருவம் செய்தவர்களிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லப்படும் என்பது பள்ளிப் பயான்களில் கேட்டு வளர்ந்த விஷயம். மாமா எதையும் செய்தவரல்ல, சேர்த்தவர் மட்டும்தான். அதைச் சொன்னேன். “செஞ்சவன் வெள்ளக்காரன். அவன் எங்க, அவர் எங்க? வீட்டில வெச்சிரிந்தவர்தானே கிட்ட இரிக்கார்,” என்றார். கிட்ட என்றபோது அவர் கை தன்னையறியாமல் மாமாவை அடக்கிய கபுறடி இருக்கிற திசையைக் காட்டியது. அது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, கடலோர மணலில்.

கண்ணாடியை எடுத்தேன். அஞ்சு சதத்தைச் சாய்த்துப் பிடித்தேன். கண்ணின் கீழ்வளைவு, ஒரு மயிரிழை, இன்னும் இருந்தது.

“இரிக்கு,” என்றேன்.

காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சர்... சர்... சர்...

அன்றிலிருந்து எனக்குப் பின்னேரங்களில் அந்த வேலை ஆயிற்று. மாமி தேய்ப்பார், நான் பார்ப்பேன். ஏன் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அது அவர் வீடு என்பதாலா? நான் கண் இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தோள் சற்றே தாழ்ந்து தளர்வதைப் பார்க்கவா? நான் கற்றது எல்லாம் தலைகீழாயிற்று. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கப் பழகிய கண், எவ்வளவு போயிற்று என்று பார்த்தது. மயிரிழை மிஞ்சியிருந்தால் மோசமான காசு. முழுதும் செத்திருந்தால் முதல் தரம். குழுவில் யாரோ அனுப்பிய ராணியின் படத்துக்குப் பதில் எழுதும்போது, ‘கண் நன்றாகத் தெரிகிறது’ என்று எழுதிவிட்டு, அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஒரு கணம் தடுமாறினேன்.

பெரிய செம்பு அஞ்சு சதத்தை மட்டும் பைகளின் அடியில் வைத்திருந்தேன். மாமி அதைக் கேட்கவில்லை. அவரும் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் அது மேசையில் இல்லை. மடியில் வைத்து நாலைந்து நாளாகத் தேய்த்தார். தடித்த செம்பு அது; சாறன் துணி கறுத்தது. என்னிடம் கொடுத்தபோது வட்டத்துக்குள் சிவந்த வெறுமை மட்டும் இருந்தது.

“இது முடிஞ்சா முடிஞ்சி மகன். பாருங்க.”

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒளியைச் சாய்த்தேன், திருப்பினேன். ஒன்றுமில்லை. பிறகு நான் செய்தது வெறும் பழக்கம். தேய்ந்துபோன காசில் ஆண்டு தெரியாவிட்டால் வாயைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தரம் சூடாக ஊதுவோம். அச்சு அழுத்திய இடத்தில் உலோகம் உள்ளே இறுகியிருக்கும். மேலே எல்லாம் தேய்ந்தாலும் ஈரம் அந்த இடத்தில் வேறு மாதிரிப் படியும். மறைந்தது ஒரு கணம் தெரியும்.

ஹா, என்று ஊதினேன்.

ராணி வந்தாள்.

வெண்புகையால் செய்த முகம். கிரீடத்தின் முனை, நெற்றி, மூக்கு. இமை. இமைக்குக் கீழே கண். செம்பின் உள்ளேயிருந்து நீருக்குள்ளிருந்து எழுபவளைப்போல வந்து, என்னைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓரங்களிலிருந்து உலர்ந்து, கடைசியில் கண் மட்டும் மிஞ்சி, அதுவும் போனது.

“அல்லாட காவல்,” என்ற குரல் கேட்டபோதுதான் மாமி என் தோளருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எல்லாம் புகையாகத் தெரிகிற கண்ணுக்குப் புகையால் ஆன முகம் தெரிந்திருக்கிறது.

“என்ன செஞ்சீங்க மகன்?”

“ஒண்டுமில்ல மாமி. சும்மா ஊதினன்.”

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே கேட்டது. மாமி என்னைவிட்டு ஓரடி பின்வாங்கினார். “ஊதினீங்க,” என்றார். “ஊதினீங்க. வந்திச்சி.”

விளக்கினேன். அச்சு, அழுத்தம், ஈரம், இறுகிய உலோகம். விளக்க விளக்க இன்னும் மோசமாயிற்று. “அப்ப முகம் மேல இல்ல,” என்றார். “உள்ள இரிக்கி. நான் தேச்சது தோல மட்டும்.” பிஸ்கட் பேணியைக் கொண்டுவரச் சொன்னார். ஓர் ஆயுள்காலம் தேய்த்த காசுகள். எதையாவது ஒன்றை எடுத்து ஊதச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவரே ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பிறகு சட்டென்று கையைத் தூரமாக நீட்டி, அது கடிக்கும் என்பதுபோல வைத்திருந்தார்.

சில நாட்கள் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. நான் பயந்த சத்தம்தான். ஆனால் அது இல்லாத பின்னேரம் அதைவிடப் பயமாக இருந்தது. மாமி சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவார். தொழுகைப் பாயிலிருந்து எழும்புவதில்லை.

“உங்களுக்கு என்ன வந்த?” என்று மனைவி குசினிக்குள் வைத்துக் கிழித்தாள். “வயசு போன மனிசிக்கு முன்னால என்ன வித்தை காட்டுறீங்க? பேயோட்டுற ஆளா நீங்க? இல்ல பேய் பிடிக்கிற ஆளா?”

“நான் காசப் பாத்தன்.”

“காசப் பாருங்க. ஊதாமப் பாருங்க.”

மார்க்கம் தெரிந்த ஓர் ஆலிமாவிடம் போனில் கதைக்கவைத்தாள். காசுக்குக் குற்றமில்லை, மாமாவுக்கு துஆச் செய்யுங்கள் என்று அவர் அன்பாகச் சொன்னார். மாமி, “ஓம், ஓம், ஜஸாக்கல்லாஹ்,” என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து இருந்தார். சுவரில் ஒன்றுமில்லை. அந்த வீட்டுச் சுவர்களில் எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. பிள்ளைகளின் கலியாணத்துக்குக்கூடப் படமெடுக்க விடாத வீடு. மாமாவும் அதற்குப் பழகி, யாராவது போனை நீட்டினால் கையால் முகத்தை மறைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நான் வந்து சட்டையைக் கழற்றும்போது கூப்பிட்டார். போனேன். இரண்டு பேணிகளும் மூடியபடி பாயில் இருந்தன.

“இதுகள எடுத்திட்டுப் போங்க மகன். புள்ளைகளுக்குப் பிரிச்சிக் குடுங்க. நான் இனித் தேய்க்கல்ல. தேச்சாப் போகுமெண்டுதான் தேச்சன்.”

“மாமாவப் பத்தி ஒண்டும் யோசிக்காதீங்க மாமி.”

“அவரப் பத்தித்தான் உங்களக் கூப்பிட்ட.”

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய அடையாள அட்டையை எடுத்தார். மாமாவுடையது. பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் உரிக்கப்பட்டிருந்தது. பெயர் இருந்தது, இலக்கம் இருந்தது. படம் இருக்கவேண்டிய சதுரத்தில் வெள்ளைக் காகிதத்தின் நார் கிளம்பியிருந்தது.

“அவர்ட மையித்த அடக்கக் கொண்டுபோன அண்டைக்கே தேச்சன். முதல்ல தேச்சது இதத்தான். அவர் ஒளிச்ச காசெல்லாம் பொறகு.” குரல் தணிந்து, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. “அவருக்கு லேசாகட்டும் எண்டு நினைச்சன் மகன். இப்ப எனக்கு... இத்தா இரிந்து இரிந்து, இந்தச் சுவரையே பாத்துப் பாத்து... எனக்கு அவர்ட முகம் வருதில்ல. குரல் வருது. நடக்கிற சத்தம் வருது. முகம் வருதில்ல.”

அட்டையை என் கையில் வைத்தார்.

“ஊதுங்க.”

அது அச்சால் அழுத்திய உலோகமல்ல. காகிதத்தின் மேல் ஒரு மெல்லிய மைப்படலம், போனால் போனதுதான். உள்ளே யாரும் இல்லை. அதை நான் சொல்லியிருக்கவேண்டும். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊதினேன். காகிதத்தின் நார்கள் அசைந்தன. அவ்வளவுதான்.

“நல்லா ஊதல்ல நீங்க.”

மறுபடி ஊதினேன். அவரும் வாங்கி ஊதினார். இழுப்புக்காரனின் மனைவி, நெஞ்சு கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு. அட்டையை யன்னலில் பிடித்தார், கண்ணருகே கொண்டுபோனார், தூரமாக நீட்டினார். வெயில் அதன் வழியே வந்து அவர் கன்னத்தில் ஒரு வெள்ளைச் சதுரமாக விழுந்தது.

“இல்ல மாமி,” என்றேன். “இது அந்த மாதிரிச் சாமான் இல்ல. இதுக்குள்ள ஒண்டும் இல்ல.”

அவர் அழவில்லை. “அப்ப போயிட்டாரா?” என்று மட்டும் கேட்டார், பஸ் போயிட்டதா என்று கேட்பதுபோல.

என்னிடம் இருந்தது ஒன்றுதான். பார்த்ததைச் சொல்லத் தெரியும். படம் கிடைக்காத காசுக்கு வாயாலேயே விவரம் சொல்லிப் பழகியவன். உயர்ந்த இடத்திலிருந்து தொடங்கி, விளிம்புவரை. நான் தொடங்கினேன்.

“நெத்தி,” என்றேன். “மாமாட நெத்தி அகலம். நடுவில தொழுது தொழுது விழுந்த சுஜூதுத் தழும்பு. வட்டமில்ல, கொஞ்சம் நீட்டு. ஓரத்தில கறுப்பு, நடுவில மினுக்கம்.”

மாமி அட்டையை மடியில் வைத்தார்.

“புருவம் அடர்த்தி. இடப்பக்கப் புருவத்தில ஒரு வெட்டு. அதில மயிர் முளைக்கல்ல.”

“வலப்பக்கம்.”

“எனக்கு இடப்பக்கமாத்தான் ஞாபகம்.”

“நீங்க முன்னால நிண்டு பாத்த ஆள். நான் பக்கத்தில இரிந்து பாத்தவ. வலப்பக்கம். பொத்துவில் பஸ்ஸில கதவடிச்ச.”

“வலப்பக்கம்,” என்றேன். “மூக்கு நேராத்தான் வரும். நுனியில கொஞ்சம் சரியும். ஒரு பக்க மூக்குத்துவாரம் பெரிசு.”

“அது இழுப்பால.” அவர் குரலில் உயிர் ஏறியது. “சொல்லுங்க.”

“மீசைய மழிச்சி, தாடி மட்டும். நாடியில வெள்ளை, கன்னத்தில செம்பட்டை. சிரிச்சா உதடு ஒரு பக்கம்தான் போகும். மேல ஒரு பல் இல்ல. அந்த இடத்த நாக்கால தொட்டுத் தொட்டுப் பாப்பார். காது பெரிசு. காதுச் சோணையில மயிர்.”

“அத வெட்டச் சொன்னா வெட்டமாட்டார்.”

“கன்னத்தில, காதுக்குக் கிட்ட, ஒரு மச்சம்.”

“ரெண்டு. ஒண்டு தாடிக்குள்ள. உங்களுக்குத் தெரியாது.”

வெளியே யாரும் நடமாடவில்லை. கடல் எங்கோ கீழே உருண்டது. நான் சொல்லச் சொல்ல, மாமி திருத்தத் திருத்த, எங்கள் இருவருக்கும் நடுவே, பாய்க்கு மேலே, ஆள் இருக்கிற உயரத்தில் ஏதோ கூடிக்கொண்டு வந்தது. நான் அதை நம்புகிறவன் அல்ல. ஆனாலும் அந்த இடத்துக்குள் கையை நீட்ட எனக்குத் துணிவிருக்கவில்லை. மாமி அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னையல்ல. புகை படிந்த அவர் கண்கள், நெற்றியிலிருந்து நாடிவரை மெல்ல இறங்கி, மறுபடி மேலே ஏறின. ஏறி, புருவத்துக்குக் கீழே வந்து நின்றன.

நானும் அங்கே வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“கண்ண மட்டும் சொல்லாதீங்க மகன்,” என்றார்.